1988 எம்ஆர்2 சூப்பர்சார்ஜர் வாங்கலாமா? 4ஏ-ஜிஇசட்இ என்ஜின் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோடைவண்டி:
டொராண்டோ பக்கம் ஒருவர் 1988 டொயோட்டா எம்ஆர்2 விற்கிறார். சூப்பர்சார்ஜர் (என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வைத்த மாடல், 1.6 லிட்டர் 4ஏ-ஜிஇசட்இ என்ஜின். ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே இழுக்கிறது. ஆனால் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் முதுகுக்குப் பின்னால் ‘டக்’கென்று ஒரு சத்தம், கூடவே டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரிகிறது, காலை எடுத்தால் அணைந்துவிடுகிறது. ஐட்லிங்கிலும் ஆர்பிஎம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. கேட்டால், இந்த வண்டிக்கு இதெல்லாம் சகஜம் என்கிறார். நம்பலாமா? தினமும் ஓட்ட இல்லை, கோடையில் வார இறுதிக்கு மட்டும்தான்.

ஸ்பேனர்செட்:
பாதி உண்மை சொல்லியிருக்கிறார். அந்த ‘டக்’ சத்தமும் பச்சை விளக்கும் சரிதான். இதில் சூப்பர்சார்ஜர் எப்போதும் சுற்றாது, ஏசி கம்ப்ரசருக்கு இருப்பதுபோல மின்காந்தக் கிளட்ச் ஒன்று உண்டு, என்ஜினுக்குச் சுமை கூடும்போதுதான் கம்ப்யூட்டர் அதைச் சேர்க்கும், மற்ற நேரம் காற்று பைபாஸ் வழியாகப் போய்விடும். விளக்கு எரிந்தும் இழுவை கூடவில்லை, அல்லது ‘கிரீச்’ என்று கத்துகிறது என்றால் பெல்ட்டோ கிளட்சோ வழுக்குகிறது.

ஆர்பிஎம் ஆடுவது மட்டும் சகஜம் இல்லை. உள்ளே போகும் காற்றை ஒரு தகடு அளக்கிறது. அதற்குப் பிறகு எந்த ஹோஸ் வெடித்திருந்தாலும் கணக்கில் வராத காற்று நுழைந்து ஐட்லிங் கெடும். அழுத்திச் சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் என்ஜின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் அங்கே குழாய்க்கும் ஹோஸுக்கும் பஞ்சமே இல்லை, அத்தனையும் வருஷக்கணக்கில் சூட்டில் வெந்த ரப்பர். முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள், சென்சார் அது இது என்று செலவு வைப்பது அப்புறம்.

இன்னொன்று, சூப்பர்சார்ஜருக்குத் தனி எண்ணெய், என்ஜின் ஆயிலோடு சேராது. பழைய உரிமையாளர்கள் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எண்ணெய் வற்றினால் பேரிங் போகும். சீல் போனாலோ அந்த எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு நீலப் புகை வரும். இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். லேசான ஈரப்பசை பரவாயில்லை, தேங்கி நின்றால் யோசியுங்கள்.

நடுஎன்ஜின்:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் நான் பயப்படுவது கூலண்டுக்குத்தான். ரேடியேட்டர் முன்னால், என்ஜின் பின்னால், நடுவில் வண்டியின் நீளத்துக்குக் குழாய். கூலண்ட் மாற்றியவர் காற்றை ஒழுங்காக வெளியேற்றாவிட்டால் எங்காவது குமிழி நின்று சூடேறும், அப்புறம் ஹெட் கேஸ்கெட் (என்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் சீல்) செலவுதான். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஐட்லிங்கில் வெப்பம் காட்டும் முள் எங்கே நிற்கிறது, ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஆறின பிறகு மட்டும் மூடியைத் திறங்கள்!

மற்றபடி என்ஜின் முரட்டு ஜாதி. உள்ளே ஃபோர்ஜ் செய்த பிஸ்டன், கம்ப்ரஷன் 8-க்கு 1 தான், 145 குதிரைத்திறன் அதற்கு ஒரு பாரமே இல்லை. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று ரசீது கேளுங்கள்.

கோடைவண்டி:
நன்றி. பெல்ட்டுக்கு ரசீது இருக்கிறது. பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தரும் காற்றழுத்தம்) கூட்ட, அதைச் சுழற்றும் பெல்ட்டின் புல்லியை மாற்றியிருப்பதாகவும் சொன்னார், அது நல்லதா?

ஸ்பேனர்செட்:
யார் செய்தது, எரிபொருள் அளவை அதற்கேற்றபடி சரிபார்த்தார்களா என்பதைப் பொறுத்தது. சும்மா புல்லியை மட்டும் மாற்றியிருந்தால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுற்றும், காற்று அதிகம் சூடாகும், கோடையில் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்து என்ஜின் தட்டுவது) வரும். பழைய புல்லி கையில் இருந்தால் கேட்டு வாங்கித் திரும்ப மாட்டிவிடுங்கள். பிரீமியம் பெட்ரோல் தவிர வேறு எதையும் ஊற்ற வேண்டாம்.

துருபிடித்தவன்:
என்ஜினையே பேசிக்கொண்டிருக்கிறீர்களே, ஒன்ட்டாரியோ வண்டி, உப்பு போட்ட ரோட்டில் ஓடியது! பின்சக்கர வளைவுகளையும் கதவுக்குக் கீழே இருக்கும் பகுதியையும் தட்டிப் பாருங்கள், லிஃப்டில் ஏற்றி அந்த நீளக் கூலண்ட் குழாய்களையும் பாருங்கள். சூப்பர்சார்ஜரைக் கழற்றி வேறு ஒன்று மாட்டலாம், மட்கிப்போன பாடியை என்ன செய்வீர்கள்? லிஃப்டில் ஏற்ற அவர் சம்மதிக்கவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.