டிகிரிக்கு அப்புறம் டிப்ளமான்னா கீழ இறங்குறதா? குழப்பமா இருக்கு

கடல்காற்று:
வணக்கம். மூணு வருஷ டிகிரி முடிச்சிட்டேன், அடுத்து இங்கிலாந்துல படிக்கலாம்னு பாக்கறேன். ஒரு இடத்துல மாஸ்டர்ஸ், இன்னொரு இடத்துல கிராஜுவேட் டிப்ளமா, ரெண்டுமே ஒரு வருஷம்தான், டிப்ளமாவுக்கு ஃபீஸ் கம்மி. வீட்ல டிகிரி முடிச்சிட்டு திரும்ப டிப்ளமாவான்னு கேக்கறாங்க, ஏஜென்ட் ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றார். யாரை நம்பறதுன்னே தெரியல.

படிப்பாளி:
பேரை விட்டுடுங்க, லெவலையும் கிரெடிட்டையும் மட்டும் பாருங்க. இங்கிலாந்துல காலேஜ் படிப்பெல்லாம் லெவல் 4ல இருந்து 8 வரைக்கும். ஹெச்என்டிங்கற டிப்ளமா 5, பேச்சலர் 6, மாஸ்டர்ஸ் 7, பிஎச்டி 8. அதே லெவல் 7லயே பிஜி, அதாவது போஸ்ட்கிராஜுவேட் சர்டிஃபிகேட் 60 கிரெடிட், பிஜி டிப்ளமா 120, மாஸ்டர்ஸ் 180. அந்த மிச்ச 60 பெரும்பாலும் டிசர்ட்டேஷன், அதாவது கடைசில எழுதற ஆய்வுக் கட்டுரைதான். அதனால பிஜி டிப்ளமா ஒண்ணும் டிகிரிக்கு கீழ இல்ல, வீட்ல தாராளமா சொல்லுங்க. ஒரு கிரெடிட்னா சுமார் 10 மணி நேர உழைப்புன்னு கணக்கு, வீட்ல உக்காந்து படிக்கறதும் சேத்துதான். ஸ்காட்லாந்துல மட்டும் நம்பர் வேற, அங்க மாஸ்டர்ஸ் லெவல் 11, பாத்து பயந்துடாதீங்க.

தூரதேசம்:
பேரை நம்பக்கூடாதுங்கறதுக்கு நானும் ரெண்டு சொல்றேன். ஸ்காட்லாந்துல எடின்பரோ, கிளாஸ்கோ மாதிரி பழைய யுனிவர்சிட்டில ஆர்ட்ஸ் பக்கம் எம்ஏங்கறதே ஸ்கூல் முடிச்சதும் சேர்ற நாலு வருஷ முதல் டிகிரி. ஜெர்மனில தலைகீழ், அங்க யுனிவர்சிட்டில முன்னாடி குடுத்த டிப்ளோம்ங்கற பட்டம் மாஸ்டர்ஸுக்கு சமம். 1999ல போலோனா ஒப்பந்தம் வந்து ஐரோப்பா பூரா பேச்சலர், மாஸ்டர்ஸ், டாக்டரேட்னு ஒரே வரிசைக்கு கொண்டுவந்ததே இந்தக் குழப்பத்தால யாரும் தடுமாறக்கூடாதுன்னுதான்.

மழைத்துளி:
தங்கச்சி ஒரு நிமிஷம், நீங்க எழுதினது கிராஜுவேட் டிப்ளமா, மேல படிப்பாளி அண்ணன் சொன்னது போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமா, ரெண்டும் வேற வேற!! கிராஜுவேட் டிப்ளமா லெவல் 6, அதாவது பேச்சலர் கடைசி வருஷத் தரம். வேற பாடத்துல டிகிரி முடிச்சவங்க புது சப்ஜெக்டுக்கு மாற எடுப்பாங்க, அதுக்கு அது நல்ல படிப்புதான். ஆனா மாஸ்டர்ஸ்ல பாதின்னு நெனச்சு சேராதீங்க. நான் அப்படித்தான் சேந்தேன், முடிச்சிட்டு மாஸ்டர்ஸ்ல மிச்சத்த மட்டும் படிச்சுக்கறேன்னு கேட்டப்பதான் ஒரு கிரெடிட்கூட கணக்குல வராதுன்னாங்க, ஒரு வருஷமும் காசும் போச்சு, இன்னைக்கும் மனசு ஆறல. பிஜி டிப்ளமாவா இருந்தாகூட பின்னாடி மாஸ்டர்ஸா முடிக்க விடுவாங்களான்னு சேர்றதுக்கு முன்னாடியே மெயில்ல கேட்டு பதில எழுத்துல வாங்கிடுங்க. சர்டிஃபிகேட் எந்த யுனிவர்சிட்டி பேர்ல வரும்னும் கேளுங்க, பாடம் நடத்துற இடம் ஒண்ணு பட்டம் குடுக்கற இடம் ஒண்ணுன்னு நிறைய உண்டு.

கடல்காற்று:
அக்கா ரொம்ப நன்றி, இப்பதான் கோர்ஸ் பக்கத்த திறந்து பாத்தேன், கீழ சின்ன எழுத்துல லெவல் 6, 120 கிரெடிட்னு இருக்கு. மாஸ்டர்ஸ் பக்கத்துல லெவல் 7, 180. நான் டிகிரில படிச்ச அதே சப்ஜெக்ட்தான், மாறப்போறதும் இல்ல, அப்ப எனக்கு இந்த டிப்ளமா எதுக்கு. ஏஜென்ட்கிட்ட இன்னைக்கே வேண்டாம்னு சொல்லிடறேன்.