தீவனச் சோளம்: பொதியிலயே வெட்டவா, பூ வரட்டும்னு விடவா?

ரெண்டு கறவை மாட்டுக்காக, ஒரே தடவை வெட்டுற ரகம் போட்டிருக்கேன். இன்னிக்கு உச்சியில இலையுறையை விரலால அமுக்கிப் பார்த்தேன், உள்ளே கதிர் தட்டுப்படுது, அதாவது பொதிப் பருவம்.

இப்பவே வெட்டினா புரதம் நல்லா இருக்கும், தண்டும் இளசு, மாடு மிச்சம் வைக்காது. ஆனா எடையில முக்காலுக்கு மேல வெறும் தண்ணி. பாதிச் செடி பூக்கிற வரைக்கும் விட்டா உலர் எடை கூடும். புரதம் இறங்கி நார் ஏறும். மணி மாவுப் பதத்துக்கு வந்தா ஈரம் 65-70 சதவீதத்துக்கு இறங்கும், சைலேஜுக்கு (காத்துப் புகாம மூடிப் புளிக்க வைக்கிற தீவனம்) தோதுதான். எனக்கு அதுக்கான குழி கிடையாது, பச்சையாத்தான் போடணும்.

இன்னொரு பயம். நடுவுல தண்ணி காட்ட முடியாம இலை சுருண்டுபோச்சு, இப்பதான் தெளிஞ்சு புதுக்கிளை விடுது. இளங்குருத்துல சயனைடு நச்சு அதிகம்னு தெரியும். வெயில்ல உலர்த்தினா அது குறையும், வாடின பயிர்ல சேர்ற இன்னொரு நச்சான நைட்ரேட் குறையாதே!

இந்த மாதிரி வாடித் தெளிஞ்ச பயிரை எத்தனை நாள் கழிச்சு வெட்டினீங்க? பூக்கும்போது வெட்டினவங்களுக்குப் பால் குறைஞ்சுதா? தண்டை நறுக்கிப் போட்டா எவ்வளவு மிச்சம் வைக்குது? சொந்தமா பார்த்ததைச் சொல்லுங்க.