கலைச்சொல் விவாதம்: பழைய லொறியின் காலடித் தரைக்கு ஒரு காப்பு

குழுமத்து நண்பர்களுக்குத் திருகோணமலையிலிருந்து வணக்கம்.

உவர்மலைத் தம்பி போட்ட கேள்வியைப் பிந்தி வருகிறவர்களுக்காக மறுபடியும் எடுத்துப் போடுகிறேன்:

"பிக்கப்பின் சரக்குத் தட்டு கீறுப்படாமலும் கறள் பிடிக்காமலும் இருக்க, இறப்பர் போன்ற தடித்த பொருள் ஒன்றைத் தெளித்தோ உருளையால் உருட்டியோ பூசுகிறார்கள். இப்போது பழைய வண்டிகளின் உள்ளே, சாரதியின் காலடியிலும் அதையே பூசுகிறார்கள். இதற்குத் தமிழில் 'படுக்கை உறை' என்று எழுதலாமா?"

எழுத வேண்டாம், தம்பி. படுக்கை உறை என்றதும் வாசிப்பவர் மனத்தில் கட்டிலும் தலையணையும்தான் வரும். ஆங்கிலத்தில் இதைப் 'பெட் லைனர்' என்கிறார்கள். அதில் சரக்குத் தட்டைக் குறிக்கும் 'பெட்' என்ற சொல்லுக்குப் படுக்கை என்றும் பொருள் இருப்பது அந்த மொழியின் சங்கதி. அதை நாம் சுமக்கத் தேவையில்லை. அதோடு, நீங்கள் கேட்பது சரக்குத் தட்டைப் பற்றி மட்டும் அல்ல, உள்தரையைப் பற்றியும்.

அந்த உள்தரை இருக்கும் இடத்துக்கு முதலில் ஒரு பெயர் வேண்டும். நம் நாட்டில் 'கெப்' என்றால் முழு வண்டியும்தான். 'கெப் வாகனம் மோதி இருவர் காயம்' என்று பத்திரிகையில் படித்தால் நாம் நினைப்பது பிக்கப்பை. ஆகவே 'கெப்பின் உள்ளே பூசினேன்' என்று எழுதினால் தட்டிலா, காலடியிலா என்று தெரியாது. 'சாரதியறை' என்று எழுதுவோம். சாரதி என்ற சொல் நம்மிடம் பஸ்ஸிலும் லொறியிலும் சாரதி அனுமதிப் பத்திரத்திலும் நன்றாகவே வாழ்கிறது.

இனி அந்தப் பொருள். பெயர் வைக்கும் முன் அதைக் கையால் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான். தொட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் அப்பா காலத்து ஜப்பான் லொறி ஒன்று இன்னும் ஓடுகிறது. 2009 இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் 'பாதை'யில் ஏறித்தான் போய்வந்தது. (மிதவையைப் பாதை என்று சொல்வது எத்தனை அழகு! எந்தக் குழுவும் கூடி உண்டாக்கிய சொல் அல்ல அது.) உப்புக் காற்று ஒரு பக்கம், மீன்பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் மறுபக்கம். காலடி இறப்பர் விரிப்பைத் தூக்கியபோது அதன் கீழே இருந்த கம்பளம் ஈரத்தைக் குடித்துக் குடித்து நைந்திருந்தது. தகடு பொரிந்து உதிர்ந்தது. ஓரிடத்தில் விரலை வைத்து அழுத்தினேன், கீழே தெரு தெரிந்தது.

டிங்கர் வேலை செய்யும் அண்ணா ஒருவர் கறள் தின்ற பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்டினார். அதன் மேல் நான் உருளையால் பூசினேன். அவசரப்பட்டுக் கார்த்திகை மாதத்தில் பூசியதுதான் பிழை. ஒற்றைப் புட்டியில் வரும் பொலியுரேத்தேன் (நான் பூசிய பொருள் அதுதான்) காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். கொஞ்சம் ஈரம் அதற்கு வேண்டும். அளவுக்கு மீறினால் அதிலுள்ள ஐசோசயனேற்று என்ற இரசாயனம் தண்ணீரோடு தாக்கமுற்று காபனீரொட்சைட்டை வெளிவிடும், பூச்சுக்குள் குமிழி குமிழியாக எழும்பும். எனக்கு அப்படித்தான் எழும்பியது. மூலைகளில் தகடே ஈரமாக இருந்திருக்கிறது, அங்கெல்லாம் தோல் போல உரிந்து வந்தது. முழுவதையும் சுரண்டி எடுக்க நான்கு நாள். பிடித்த இடத்தில் இந்தப் பொருளை எடுப்பது போல் தொல்லையான வேலை வேறில்லை. மாசி வெயிலில் மறுபடி பூசினேன். இன்றுவரை நிற்கிறது.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பொருளைப் பற்றிய பிழையான எண்ணம் பெயரிலிருந்தே தொடங்குகிறது. குழுமத்தில் இதுவரை வந்த பெயர்களை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

'கவசப்பூச்சு' என்று ஒருவர் எழுதியிருந்தார். கம்பீரமான சொல்தான். ஆனால் கவசம் வெளியிலிருந்து வரும் அடியைத்தான் தாங்கும். இங்கே பகை உள்ளே இருக்கிறது. கறளைச் சுரண்டாமல் மேலே இதைப் பூசினால் கறள் இருட்டில் இருந்துகொண்டு நிம்மதியாகத் தின்னும், தகடு ஓட்டையாகும்வரை நமக்குத் தெரியாது. கவசம் என்று பெயர் வைத்தால் மக்கள் அப்படித்தான் பூசுவார்கள்.

அடுத்தது 'மெழுக்கு'. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் வந்தது. சாணத்தால் தரை மெழுகிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் மணம் தெரியும். கோயில் தொண்டிலும் அலகிடுதலும் மெழுக்கிடுதலும் சேர்ந்தே வருகின்றன. தரைக்கு, கையால், தடிப்பாக இடுவது என்ற மூன்று பொருளும் அதில் இருக்கின்றன. இருந்தும் இரண்டு தடைகள். வண்டிக்கு மினுக்கம் தர மெழுகு தேய்க்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு, மெழுக்கு என்றால் அதுதான் என்று நினைப்பார்கள். மற்றது, 'பூசி மெழுகுதல்'. குற்றத்தை மறைத்துப் பேசுகிறவனைப் பார்த்து நாம் சொல்வது. கறளின் மேல் இதை இடுவது அச்சொட்டாக அந்தக் காரியம்தான். செய்யக்கூடாத ஒன்றையே பெயராக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

'பெட் லைனர் என்றே எழுதினால் என்ன?' என்றும் ஒரு கேள்வி வந்தது. ஒலிபெயர்ப்புக்கு நான் பகைவன் அல்ல. நம் பாடநூல்கள் ஒட்சிசன், ஐதரசன் என்று எழுதின. அதே பாடநூல்கள் பொலிமருக்குப் பல்பகுதியம் என்ற நல்ல தமிழ்ச்சொல்லையும் தந்தன. இரண்டு வழியும் நமக்குப் பழக்கம். என் எண்ணம் இது: பொலியுரேத்தேன், பொலியூரியா, எப்பொக்சி போன்ற பதார்த்தப் பெயர்கள் ஒலிபெயர்ப்பாக இருக்கட்டும். கையால் செய்கிற வேலைக்கும் அதனால் உண்டாவதற்கும் தமிழில் பெயர் இருக்க வேண்டும். கராஜில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது அவற்றைத்தானே. ரைனோ லைனிங்ஸ், லைன்-எக்ஸ், ஹெர்குலைனர், ராப்டர் என்பன வணிகப் பெயர்கள். அவற்றைப் பொதுப்பெயராக்கினால் தெளிக்கும் வகையும் உருட்டும் வகையும் ஒன்றோடொன்று குழம்பும்.

நான் முன்வைக்கும் தலைச்சொல் 'காப்பு'.

குடமுழுக்குக்கு முன் எண்ணெய்க்காப்புச் சாத்த நாம் எல்லோரும் வரிசையில் நின்றிருக்கிறோம். சந்தனக்காப்பும் அப்படித்தான். தமிழில் காப்பு என்பது காவலையும் குறிக்கிறது, மேலே தடிப்பாகச் சாத்தும் படலத்தையும் குறிக்கிறது. நமக்கு வேண்டிய இரண்டு பொருளும் ஒரே சொல்லில், பல நூற்றாண்டுப் பழக்கத்தோடு இருக்கின்றன. வெறுந்திருமேனியில்தான் காப்பு ஏறும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததால், கழுவித் துடைத்த பிறகு இடுவது என்ற எண்ணமும் கூடவே வருகிறது.

ஆகவே பொதுப்பெயர் தளக்காப்பு. தெளித்து இடுவது தெளிகாப்பு. உருட்டி இடுவது உருட்டுகாப்பு. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை என்பதால் பின்னிரண்டிலும் வல்லினம் மிகாது. குற்றம் குறை சொல்லுங்கள்.

*

மறுநாள் எழுதியது

வணக்கம். கிண்ணியா ஆசிரியை அவர்கள் அனுப்பிய மடலில் இரண்டு மறுப்புகள் இருந்தன. இரண்டும் சரி. என் சொற்களில் இரண்டைத் திரும்பப் பெறுகிறேன்.

முதலாவது, தளக்காப்பு. 'திருகோணமலையில் இருந்துகொண்டு தளம் என்று எழுதுகிறீர்களே, கடற்படைத் தளத்துக்குக் காவல் என்றுதானே படிப்பார்கள்?' என்று கேட்டிருந்தார். துறைமுகத்தைத் தினமும் பார்க்கிற எனக்கு இது தோன்றாமல் போனது. தரைக்காப்பு என்று மாற்றுகிறேன்.

இரண்டாவது, தெளிகாப்பு. தெளி என்ற அடியில் தெளித்தலும் உண்டு, தெளிதலும் உண்டு. வண்டிக்கு நிறம் அடித்த பிறகு மேலே கண்ணாடி போல ஒரு படலம் அடிக்கிறார்கள். தெளிகாப்பு என்றால் டிங்கர் அண்ணா அதைத்தான் நினைப்பார் என்கிறார் ஆசிரியை. மறுக்க வழியில்லை. அவரே தந்த மாற்று 'விசிறு'. வயலுக்கு மருந்து விசிறுகிறோம் என்று நம் பக்கத்தில் சொல்வது வழக்கம்தானே. விசிறு தரைக்காப்பு, உருட்டு தரைக்காப்பு. இரண்டும் வாயில் தடங்காமல் வருகின்றன.

வேறொருவர், காப்பு என்றால் காப்புறுதி நினைவுக்கு வராதா என்று கேட்டிருந்தார். வண்டிக்காப்பு என்று எழுதியிருந்தால் வந்திருக்கும். தரைக்குக் காப்புறுதி எடுப்பவர் இல்லை, ஆதலால் தரைக்காப்பில் அந்தக் குழப்பம் இல்லை.

மூதூர் ஐயா ஒருவர் படகு கட்டுகிறவர்களின் 'கலப்பற்று' என்ற சொல்லைத் தந்து இதற்குப் பயன்படுத்தலாமா என்றார். பலகைக்கும் பலகைக்கும் இடையில் நீக்குத் தெரியாமல் அடைப்பது கலப்பற்று. தரைக்காப்புக்கு அது பொருந்தாது. ஆனால், ஐயா, அதைவிடப் பொருத்தமான இடம் ஒன்று அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கிறது! சாரதியறையின் தரைத் தகடும் சுவர்த் தகடும் சேரும் மூட்டுகளில், தரைக்காப்பு இடும் முன், பசை போன்ற ஒன்றைப் பிதுக்கி அடைக்கிறார்கள். தண்ணீர் நுழைவது அந்த மூட்டுகளால்தான். அந்த வேலைக்குத் தமிழில் சொல் இல்லை என்று நினைத்திருந்தேன். கடற்கரையில் இருந்திருக்கிறது. மூட்டுக் கலப்பற்று என்று பதிவு செய்வோம்.

இனி அகராதிப் பதிவு. விளக்கத்தில் கீழே உள்ளவை இடம்பெற வேண்டும் என்பது என் வேண்டுகோள்:

"தரைக்காப்பு: வண்டியின் சரக்குத் தட்டு, சாரதியறைத் தரை முதலியவற்றில் விசிறியோ உருட்டியோ இடப்படும், பொலியுரேத்தேன் அல்லது பொலியூரியாவால் ஆன, தடித்த, நெகிழ்வுள்ள, சொரசொரப்பான படலம். கறள் நீக்கி, சுரண்டி, துடைத்து உலர்த்திய தகட்டில் மட்டுமே பிடிக்கும். வெறுந்தகட்டுக்கு முதலில் எப்பொக்சி அடிப்பூச்சு வேண்டும்."

நிறத்துக்காகவோ காவலுக்காகவோ எதன் மேலும் பூசுவதைக் 'காப்புப் பூச்சு' என்று பொதுவாக எழுதுகிறோம். அது அப்படியே இருக்கட்டும். தரைக்காப்பு அதன் ஒரு வகை.

உவர்மலைத் தம்பி தன் லொறிக்கே இதைச் செய்யப்போவதாகத் தனிமடலில் எழுதியதால் இன்னும் சில வரி. ஆசனங்களைக் கழற்றிவிடுங்கள். ஆசனப்பட்டியின் ஆணித் துளைகளையும் மின்கம்பி தகட்டோடு சேரும் இடங்களையும் ரேப் நாடா ஒட்டி மறையுங்கள். தரைக்காப்பு அங்கே ஏறினால் ஆணி சரியாக இறுகாது, மின்னும் ஒழுங்காகப் பாயாது. செசி இலக்கத்தின் மேல் ஒரு துளியும் படக் கூடாது. தண்ணீர் வடியத் தரையில் துளைகள் இருக்கும், அவற்றை மூடிவிடாதீர்கள். உங்கள் லொறியில் இயந்திரம் ஆசனத்துக்கு அடியில் இருக்கிறது. தரைக்காப்பு அந்தச் சூட்டைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். இரைச்சல் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான்.

இரண்டு பாகமாக வரும் வகையை வாங்கினால் பாகங்களைத் தகர மூடியில் கண்மட்டத்துக்கு ஊற்றாதீர்கள், விகிதப்படி அளந்து ஊற்றுங்கள். ராப்டரில் மூன்று பங்கு பூச்சுக்கு ஒரு பங்கு 'இறுக்கி' (பூச்சை இறுகச் செய்யும் பாகம்). இதையெல்லாம்விட முக்கியமானது மூச்சு. ஐசோசயனேற்று நுரையீரலில் ஒருமுறை ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் ஆஸ்துமா போல இழுக்கும். சாரதியறை சின்னப் பெட்டி, விசிறும்போது ஆவி அங்கேயே நிற்கும். துணி முகக்கவசம் போதாது. விசிறுவதை, வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி உள்ள கராஜில் கொடுங்கள். வீட்டில் செய்வதானால் உருட்டு தரைக்காப்பே எடுங்கள், இரண்டு கதவையும் கழற்றி வைத்துவிட்டு, ஆவிக்கு உரிய வடிகட்டி பூட்டிய முகமூடியோடு. பிள்ளைகளைப் பக்கத்தில் விட வேண்டாம்.

ஐப்பசி பிறக்க இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. அதற்குள் தகட்டு வேலையை முடித்தீர்களானால் சொல்லுங்கள், என் உருளைகளை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உவர்மலைக்கு வருகிறேன். நாள் முழுதும் அந்த வேலையோடு இருக்கும்போது அந்தச் சொரசொரப்புக்கும் ஒரு நல்ல சொல் அகப்படும்.