ஃபெரட்டும் பச்சை இறைச்சியும்: அந்த "மூன்று மணி நேரம்" கதையை நிறுத்துவீர்களா?

கணக்கர்_க்ராய்டன்
நேற்று ஒரு தம்பி, ஃபெரட் என்கிற அந்த நீள உடம்புக் குட்டிப் பிராணியை வாங்குவதற்கு முன் எதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒழுங்காகக் கேட்டிருந்தார். ஜில்லம்மா கொடுத்த பதிலை அப்படியே தருகிறேன்: "பச்சை இறைச்சி போடுங்கள். ஃபெரட்டின் குடலில் உணவு மூன்று மணி நேரம்தான் தங்கும். கிருமிக்கு வேலை செய்யவே நேரம் கிடைக்காது."

அடடா! விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் மட்டும் உட்கார்ந்திருந்தவனுக்குச் சளி பிடிக்காது என்பதைப் போல இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் உள்ளே போனது வெளியே வருகிறது, சரி. எங்கே வருகிறது? உங்கள் வரவேற்பறைக் கம்பளத்தில். வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லாக் கிருமியும் அதோடுதான் வருகிறது. அந்தக் கம்பளத்தில் தவழ்கிற குழந்தைக்கு எத்தனை மணி நேரக் கணக்கு வைத்திருக்கிறீர்கள்?

ஜில்லம்மா
வந்துவிட்டாரா? இரண்டு நாளாகச் சத்தமே இல்லையே, உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று கவலைப்பட்டேன்.

கணக்கர் ஐயா, உங்கள் வீட்டில் இதுவரை எத்தனை ஃபெரட் வளர்ந்திருக்கிறது? நான் ஒன்பது ஆண்டுகளாக வளர்க்கிறேன். மொத்தம் ஆறு. இப்போது இருப்பவை நான்கு. காடை, முயல், ஒரு நாள் கோழிக்குஞ்சு, எலி என்று முழுசு முழுசாகத் தின்று வளர்கின்றன. ஒன்றுக்கும் ஒரு நாள்கூட வயிறு கெட்டதில்லை.

ஃபெரட் முழுக்க முழுக்க ஊனுண்ணி. அதற்குக் குடல்வால் பகுதியே கிடையாது. குடலும் குட்டை. நார்ச்சத்தைச் செரிக்கத் தெரியாது. தானியம் கலந்த உலர் தீனியைப் போட்டுவிட்டு, மூன்று நான்கு வயதில் இன்சுலினோமா என்ற கணையக் கட்டி வந்து வாயில் நுரை தள்ளி விழுந்ததும் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று மணி நேரம் என்றால் மூன்று மணி நேரம்தான். எந்தக் கால்நடை மருத்துவரையும் கேளுங்கள்.

கணக்கர்_க்ராய்டன்
கேட்டேன். மூன்றிலிருந்து நான்கு என்றார். பாருங்கள், முதல் வரியிலேயே ஒரு மணி நேரத்தை விழுங்கியிருக்கிறீர்கள்.

மாவுச்சத்தால் இன்சுலினோமா வருகிறது என்பது சந்தேகம்தான், நிரூபணம் அல்ல. சந்தேகத்தைத் தீர்ப்பாக வாசிக்கிறீர்கள்.

லீட்ஸ்_லிங்கம்
ஒரு கீரிப்பிள்ளைக்கு இத்தனை ஆராய்ச்சியா? ஊரில் எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லையில் கீரி தன் பாட்டுக்கு ஓடும். யாரும் அதற்குத் தட்டு வைத்ததில்லை.

ஜில்லம்மா
லிங்கம் அண்ணா, கீரி வேறு, ஃபெரட் வேறு. கீரி பூனைப் பக்கத்துச் சொந்தம். ஃபெரட் நீர்நாய்ப் பக்கத்துச் சொந்தம். ஐரோப்பியக் காட்டில் திரிகிற போல்கேட்டை முயல் வேட்டைக்காகப் பழக்கி வந்த பிராணி. இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலாக மனிதனோடு இருக்கிறது. நீங்கள் இருக்கிற யார்க்ஷயரில் இன்றும் முயல் வளைக்குள் ஃபெரட்டை விட்டு, வாயிலில் வலை போட்டுப் பிடிக்கிறவர்கள் உண்டு. போய்ப் பாருங்கள். அவர்கள் உலர் தீனியா போட்டார்கள்?

கணக்கர்_க்ராய்டன்
இல்லை. ரொட்டியும் பாலும் போட்டார்கள். அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் பலர் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத்தான் ஃபெரட்டுக்கு வைத்தார்கள். அது வயிற்றுப்போக்கில் வாடியது. பரம்பரை வழக்கத்தைச் சாட்சிக்கு இழுத்தால் முழுச் சாட்சியையும் கூப்பிடுங்கள்.

சொல்லாய்வு
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். "ஃபெரட்" என்று எழுதுவது தமிழுக்கு அழகா? மரநாய் என்ற சொல் இருக்கிறதே.

லீட்ஸ்_லிங்கம்
எங்கள் ஊரில் மரநாய் என்றால் இரவில் ஓட்டின்மேல் ஓடி, பனங்கள் குடிக்கிற பிராணி. அதையா மடியில் வைத்துக் கொஞ்சுகிறார்கள்?

சொல்லாய்வு
சொல்லுக்குப் பொருள் விரிவது இயல்பு.

ஜில்லம்மா
உங்கள் பொருள் விரியட்டும். என் நான்கும் ஃபெரட்தான்.

டொராண்டோ_மாமா
இங்கே வட அமெரிக்காவில் கதையே வேறு. கடைக்கு வரும் குட்டிகள் பெரும்பாலும் ஆறு வார வயதிலேயே கருத்தடை செய்யப்பட்டு, நாற்றச் சுரப்பியும் அகற்றப்பட்டுத்தான் வருகின்றன. அதனால் நாங்கள் பயப்படுவது அட்ரினல் நோய்க்கு, அதாவது சிறுநீரகத்தை ஒட்டிய சுரப்பியில் வரும் நோய்க்கு. வாலில் முடி கொட்ட ஆரம்பிக்கும், அப்படியே முதுகு வரை மொட்டையாகும். வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள் என்று சொல்லாமல் கோழிக்கழுத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கிறீர்கள்.

இன்னொன்று. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமே 2012-இல் பச்சை இறைச்சி வேண்டாம் என்று கொள்கை அறிவித்துவிட்டது.

ஜில்லம்மா
அந்தக் கொள்கையை வாசித்தீர்களா மாமா? நாய், பூனை என்றுதான் இருக்கிறது. ஃபெரட் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

கருத்தடை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆறு வாரத்தில் கத்தி வைப்பது கொடுமை. இங்கே கத்திக்குப் பதில் டெஸ்லொரெலின் என்ற ஹார்மோன் மருந்தைத் தோலுக்கடியில் உள்பதிப்பாகப் போடுகிறோம். பெண் ஃபெரட்டை, அதாவது ஜில்லை, ஒன்றும் செய்யாமல் விட்டாலும் ஆபத்து. இணை சேராவிட்டால் பருவம் அடங்காது. ஈஸ்ட்ரோஜன் ஏறி ஏறி எலும்பு மச்சையைக் கெடுத்து, இரத்தசோகையில் கொன்றுவிடும். என் முதல் ஜில்லை அப்படித்தான் இழக்கப் பார்த்தேன். பெயரே அதனால்தான்.

புதியவன்_பர்மிங்ஹாம்
நேற்றுக் கேட்டவன் நான்தான். ஜில்லம்மா அக்கா, ஒரு சந்தேகம். "பச்சை" என்று நீங்கள் சொல்வது முழு இரையா, கடையில் உறையவைத்து விற்கிற கலவையா, அல்லது நாம் சமைக்க வாங்குகிற கோழிக்கொத்துக்கறியா? எனக்குக் கிடைக்கப்போகும் இரண்டும் மூன்று வயதானவை, காப்பகத்திலிருந்து வருகின்றன. இதுவரை உலர் தீனி மட்டுமே தின்றவை.

கணக்கர்_க்ராய்டன்
தம்பி, எது பச்சையோ அது பச்சை. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வீட்டை விட்டு வெளியே போகாத ஒரு பூனை, உறையவைத்த பச்சை வான்கோழித் தீனியைத் தின்று பறவைக்காய்ச்சலில் இறந்தது. பூனையிலும் தீனியிலும் இருந்த வைரஸ் ஒன்றே என்று சோதனையில் தெரிந்தது. ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். ஃபெரட்டோ காய்ச்சலுக்கென்றே பிறந்த பிராணி. 1933-இல் லண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் மனித ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்தது ஃபெரட்டை வைத்துத்தான். இப்போது சொல்லுங்கள், அந்த வைரஸ் மூன்று மணி நேரம் முடியும்வரை கைகட்டி நிற்குமா?

ஜில்லம்மா
சுற்றிச் சுற்றிச் சுப்பர் கொல்லைக்குள்ளேதான்! பூனையைக் காட்டி ஃபெரட்டைப் பயமுறுத்துகிறார். நான் கிருமி என்று சொன்னது சால்மொனெல்லாவை. வைரஸைச் சொல்லவில்லை.

தம்பி, வெறும் கொத்துக்கறி போடாதே. எலும்பு இல்லாத இறைச்சியில் சுண்ணாம்புச் சத்து போதாது, குட்டி என்றால் எலும்பு வளைந்துவிடும். ஈரலை அதிகம் போடாதே, வைட்டமின் ஏ மிஞ்சிவிடும். வேகவைத்த எலும்பு கூடவே கூடாது, சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். மூன்று வயதான ஃபெரட் புதுத் தீனியை எளிதில் தொடாது. முதல் சில மாதங்களில் மோந்து பழகியதுதான் அதற்குச் சாப்பாடு, மற்றதெல்லாம் குப்பை. மெல்ல மெல்ல மாற்ற வேண்டும். பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவருகிறேன் என்று மட்டும் இறங்காதே, சர்க்கரை இறங்கிச் சுருண்டுவிடும்.

கணக்கர்_க்ராய்டன்
இதில் ஒரு வரியையும் நான் மறுக்கவில்லை. மூன்று மணி நேரத்தைத் திரும்பப் பெறுங்கள், போதும்.

ஜில்லம்மா
நான்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தைத் தருமம் செய்துவிட்டேன்.

கணக்கர்_க்ராய்டன்
எண்ணைப் பற்றி யார் கேட்டார்கள்?

டொராண்டோ_மாமா
நீங்கள்தான் கேட்டீர்கள். மேலே பாருங்கள், "ஒரு மணி நேரத்தை விழுங்கியிருக்கிறீர்கள்" என்று.

ஜில்லம்மா
நன்றி மாமா. இவர் போன வருடம் ஆமைத்தொட்டி விவாதத்திலும் இதைத்தான் செய்தார். இருபத்தைந்து டிகிரியா இருபத்தாறா என்று நாற்பது பதிவு. கடைசியில் என்னைப் "படித்த முட்டாள்" என்றார்.

கணக்கர்_க்ராய்டன்
"படித்த" என்று நான் சொல்லவே இல்லை.

லீட்ஸ்_லிங்கம்
ஒரு கேள்வி. செத்த கோழிக்குஞ்சுகளை எந்த ஃப்ரீசரில் வைக்கிறீர்கள்? என் மனைவி அதைப் பார்த்தால் நான் கீரியோடுதான் குடியிருக்க வேண்டும்.

ஜில்லம்மா
தனி ஃப்ரீசர், கொட்டகையில். மாமியார் ஒருமுறை ஐஸ்கிரீம் என்று நினைத்துத் திறந்துவிட்டு மூன்று மாதம் பேசவில்லை. அதுவும் நல்லதுதான்.

புதியவன்_பர்மிங்ஹாம்
இரண்டும் இன்று மாலையே வந்துவிட்டன. பழக்கமான உலர் தீனியோடு ஒரு கோழிக்குஞ்சும் வைத்துப் பார்த்தேன். ஒன்று மோந்துவிட்டுப் போய்விட்டது. மற்றது குஞ்சைக் கவ்விக்கொண்டு எங்கோ ஒளித்து வைத்துவிட்டது. சோபாவைப் புரட்டியாயிற்று. மூன்று மணி நேரமாகத் தேடுகிறேன்.

கணக்கர்_க்ராய்டன்
எத்தனை மணி நேரம் என்றீர்கள்?

ஜில்லம்மா
அது குடல் கணக்கு இல்லை ஐயா, சோபா கணக்கு. தம்பி, சோபாவின் அடித்துணி கிழிந்திருக்கிறதா பார், அதற்குள்தான் இருக்கும். இனி குஞ்சை நறுக்கி, கூண்டுக்குள் வைத்துக் கொடு. மிச்சத்தை உடனே எடுத்துவிடு.

கணக்கர்_க்ராய்டன்
ஏன் உடனே எடுக்க வேண்டும்? கிருமிக்குத்தான் நேரம் கிடைக்காதே.

சொல்லாய்வு
"சோபா" என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது.