10 மெகாஹெர்ட்ஸ் க்ளாக் வாங்கினால் ‘டிக்’ சத்தம் போகுமா? ஃபில்டர் அவசியமா?

தாளக்கட்டு:
வணக்கம். என்னிடம் ஆர்எம்இ ஃபயர்ஃபேஸ் யுஎஃப்எக்ஸ் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும், எட்டு சேனல் அடாட் (எட்டு சேனல் டிஜிட்டல் ஒலியை ஒரே ஆப்டிகல் கேபிளில் அனுப்பும் முறை) ப்ரீஆம்ப் இரண்டும் இருக்கின்றன. ஒவ்வொரு ப்ரீஆம்ப்பிலிருந்தும் ஒரே ஒரு ஆப்டிகல் கேபிள் இன்டர்ஃபேசுக்கு வருகிறது. சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ், க்ளாக் சோர்ஸ் (இன்டர்ஃபேஸ் தாளத்தை எடுக்கும் இடம்) அடாட் 1, அதாவது முதல் ப்ரீஆம்ப். இரண்டாவது ப்ரீஆம்ப்பின் சேனல்களில் மட்டும் ஏறக்குறைய நாலு செகண்டுக்கு ஒருமுறை மெல்லிய ‘டிக்’. கேபிளை மாற்றியும் போகவில்லை.

கேட்பதற்குத் தனியாக ஒரு டிஏசி (டிஜிட்டலை அனலாக் ஒலியாக மாற்றும் பெட்டி), யுஎஸ்பியில் ஓடுகிறது. பின்னால் வெளி க்ளாக்குக்காக 10 மெகாஹெர்ட்ஸ் பிஎன்சி (வட்டக் கனெக்டர்) உள்ளீடு இருக்கிறது. மேனுவலில் 50 ஓம், சைன் அல்லது சதுர அலை என்று போட்டிருக்கிறார்கள். ஓசிஎக்ஸ்ஓ (கிரிஸ்டலைச் சீரான சூட்டில் வைத்திருக்கும் வகை) க்ளாக் பெட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 75 ஓம், சதுர அலை, 1 வோல்ட். கூடவே மினி சர்க்யூட்ஸ் பிஎல்பி-10.7+ ஃபில்டரையும் மாட்டச் சொல்கிறார் விற்பவர். ஒரே க்ளாக்கில் இரண்டு வேலையும் முடியுமா? இல்லை, கொஞ்சம் கூடப் போட்டு ரூபிடியம் (அணு) க்ளாக்கே எடுத்துவிடலாமா?

ஈயப்பற்று:
டிக் சத்தத்துக்குப் பத்து பைசா செலவு வேண்டாம். அது ஜிட்டர் (க்ளாக்கின் நுண்ணிய நேர நடுக்கம்) இல்லை, இரண்டு க்ளாக் தனித்தனியாக ஓடுவது.

கணக்குப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் நாலு செகண்டுக்கு 1,92,000 சாம்பிள். அதில் ஒன்று நழுவுகிறது என்றால் இரண்டு க்ளாக்கின் கிரிஸ்டலுக்கும் வித்தியாசம் சுமார் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு). சாதாரணக் கிரிஸ்டல்கள் 20 பிபிஎம் விலகுவதே சகஜம். அப்போது செகண்டுக்கு ஒரு டிக் கேட்கும். உங்கள் இன்டர்ஃபேஸ் முதல் ப்ரீஆம்ப்பைப் பின்தொடர்கிறது, இரண்டாவது தன் போக்கில் போகிறது. ஃபயர்ஃபேஸ் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் அடாட் 1-க்கு ‘சின்க்’ என்றும் அடாட் 2-க்கு ‘லாக்’ என்றும் காட்டும். லாக் என்றால் சிக்னல் வருகிறது, ஆனால் தாளம் சேரவில்லை.

செய்ய வேண்டியது: இன்டர்ஃபேஸை இன்டர்னல் க்ளாக்குக்கு மாற்றுங்கள். அதன் அடாட் அவுட் இரண்டிலிருந்தும் ப்ரீஆம்ப்களின் அடாட் இன்னுக்கு ஆளுக்கொரு ஆப்டிகல் கேபிள். ப்ரீஆம்ப்பில் சின்க் ஸ்விட்சை ‘அடாட் இன்’னில் வையுங்கள், ‘இன்டர்னல்’ என்று விட்டுவிட்டால் கேபிள் போட்டும் பிரயோஜனமில்லை. அடாட் இன் இல்லாத மாடல் என்றால் இன்டர்ஃபேஸின் வேர்ட் க்ளாக் அவுட்டிலிருந்து 75 ஓம் பிஎன்சி கேபிள் (ஆர்ஜி-59 வகை), முதல் ப்ரீஆம்ப்பில் டி கனெக்டர், அங்கிருந்து அடுத்ததுக்கு. 75 ஓம் டெர்மினேஷன் (கேபிள் முடிவில் அலையை உறிஞ்சும் ரெசிஸ்டர்) கடைசிக் கருவியில் மட்டும் ஆன்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். திறந்த நிலையில் 5 வோல்ட் தரும் 75 ஓம் அவுட், ஒரு டெர்மினேஷனோடு 2.5 வோல்ட் தரும். இரண்டு பெட்டியிலும் ஆன் செய்தால் 1.67 வோல்ட், சில உள்ளீடுகள் அவ்வப்போது லாக்கை விடும். எதிலுமே இல்லையென்றால் அலை திரும்பி வந்து விளிம்பைக் கெடுக்கும். மின்சாரத்தை அணைத்து, பிஎன்சி நடுமுனைக்கும் உறைக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் 75 ஓம் அருகில் காட்டினால் டெர்மினேஷன் இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே கெபாசிட்டர் அல்லது டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் இந்த அளவு ஏமாற்றும்.

இன்னொன்று: வேர்ட் க்ளாக் உள்ளீட்டில் 10 மெகாஹெர்ட்ஸைச் சொருகாதீர்கள். துளை ஒன்றுதான், மொழி வேறு. வேர்ட் க்ளாக் என்பது 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் போன்ற சாம்பிள் ரேட்டிலேயே ஓடும் அலை.

அலைமுகம்:
டிஏசி பற்றி. யுஎஸ்பி அசிங்க்ரனஸ் என்றால் டிஏசியே எஜமான். கணினி அதன் வேகத்துக்குத் தரவு அனுப்புகிறது. ஒத்திசைக்க வேண்டிய இன்னொரு கருவி அங்கே கிடையாது. எனவே வெளி க்ளாக்கிடம் நீங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: உள்ளே இருக்கும் கிரிஸ்டலைவிடச் சுத்தமாக இரு என்று. அது லேசில் நடக்காது.

டிஏசி சிப்புக்கு வேண்டியது 22.5792 அல்லது 24.576 மெகாஹெர்ட்ஸ் (44.1, 48 இரண்டின் 512 மடங்கு). 10 மெகாஹெர்ட்ஸிலிருந்து அதைச் செய்ய நடுவில் பிஎல்எல் (ஒரு அதிர்வெண்ணைப் பின்தொடர்ந்து இன்னொன்றை உருவாக்கும் சர்க்யூட்) வேண்டும். விகிதமும் சுமுகமாக இல்லை: 22.5792-க்கு 7056/3125, 24.576-க்கு 1536/625. முழு எண்ணால் வகுக்கும் பிஎல்எல் என்றால் ஒப்பிடும் அதிர்வெண் வெறும் 3.2 கிலோஹெர்ட்ஸ் அல்லது 16 கிலோஹெர்ட்ஸ். பின்ன வகை பிஎல்எல் என்றால் அதன் ஸ்பர்கள் (வேண்டாத கூடுதல் அதிர்வெண்கள்) கூடவே வரும். பெருக்குவதால் மட்டுமே ரெஃபரன்ஸின் (வெளி க்ளாக்கின்) ஃபேஸ் நாய்ஸ், அதாவது தாள நடுக்கத்தின் இரைச்சல், 7 முதல் 8 டெசிபெல் ஏறும். பிஎல்எல்லின் லூப் பேண்ட்விட்துக்கு (அது வெளி க்ளாக்கைப் பின்தொடரும் எல்லைக்கு) வெளியே ஆட்சி செய்வது டிஏசிக்குள் இருக்கும் ஆசிலேட்டர்தான். எவ்வளவு விலை கொடுத்து க்ளாக் வாங்கினாலும் அங்கே அதன் கை நீளாது.

ரூபிடியம் இந்த வேலைக்குத் தப்பான அளவுகோல். அது நாள்கணக்கில் விலகாமல் நிற்கும். ஆனால் ஆடியோவுக்கு முக்கியமான குறுங்கால நடுக்கத்தைத் தீர்மானிப்பது அதற்குள் இருக்கும் கிரிஸ்டல்தான். 20 பிபிஎம் பிழை என்றால் ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெகண்ட் விலகல். நீளமான படப்பிடிப்பில் கேமராவும் ரெக்கார்டரும் தனித்தனியாக ஓடினால் அது தலைவலி. பாட்டுக் கேட்கிறவருக்கு ஒன்றுமே இல்லை.

வாங்கியே தீருவது என்றால் விளம்பரத்தில் பிபிபி (நூறு கோடியில் எத்தனை பங்கு பிழை) கணக்கைப் பார்க்காதீர்கள். 10 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1 ஹெர்ட்ஸ், 10 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் தள்ளி ஃபேஸ் நாய்ஸ் எவ்வளவு என்ற அளவைக் கேளுங்கள். அதைத் தராத கடையில் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

ஓம்75:
ஃபில்டர் விஷயம். பிஎல்பி-10.7+ 50 ஓம் பாகம். 11 மெகாஹெர்ட்ஸ் வரை விடும், 30-ல் இருக்கும் மூன்றாம் ஹார்மோனிக்கை (அடிப்படையின் மும்மடங்கு அதிர்வெண்ணை) நன்றாகவே வெட்டும். சதுர அலை சைனாக மாறும். 1 வோல்ட் உச்சத்துக்கு உச்சம் உள்ள சதுர அலையின் அடிப்படை அலை 1.27 வோல்ட் என்பதால் மட்டமும் பெரிதாகக் குறையாது.

ஆனால் இரண்டு சிக்கல். உங்கள் பெட்டி 75, ஃபில்டரும் டிஏசியும் 50. பிரதிபலிப்பு 20 சதவீதம். வாங்கினால் 50 ஓம் அவுட் உள்ள க்ளாக்காகவே வாங்குங்கள், கேபிளும் ஆர்ஜி-58 போல 50 ஓம். கனெக்டரைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். 10 மெகாஹெர்ட்ஸில் கேபிளுக்குள் அலைநீளமே சுமார் 20 மீட்டர். இரண்டாவது, இந்த ஃபில்டர் வெட்டியதை விழுங்குவதில்லை, வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. க்ளாக்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே 3 டெசிபெல் அட்டென்யுவேட்டர் (மட்டக் குறைப்பான்) ஒன்று போட்டால் அது அடங்கும்.

அதைவிட முக்கியம்: டிஏசி சதுர அலையை ஏற்கும்போது எதற்குச் சைனாக்க வேண்டும்? உள்ளே போனதும் அது மறுபடி சதுரமாகத்தான் மாற்றப்படுகிறது. சைனின் விளிம்பு சாய்வானது. ஒப்பிடும் சர்க்யூட்டின் இரைச்சல் அந்தச் சாய்வில்தான் ஜிட்டராக மாறும். சைன் மட்டுமே ஏற்கும் உள்ளீட்டுக்கும், ஹார்மோனிக் கதிர்வீச்சு பக்கத்துக் கருவியைத் தொந்தரவு செய்யும் இடத்துக்கும்தான் இந்த ஃபில்டர்.

டிஏசி மெனுவில் இருக்கும் ‘ஷார்ப், ஸ்லோ’ ஃபில்டர் வேறு சங்கதி. 44.1 கிலோஹெர்ட்ஸில் ஷார்ப் வையுங்கள். ஸ்லோ 20 கிலோஹெர்ட்ஸுக்கு முன்பே சரியத் தொடங்கி, 22.05-க்கு மேலிருக்கும் பிம்பங்களையும் (டிஜிட்டல் மாற்றத்தில் எழும் போலி அதிர்வெண்களையும்) உள்ளே விடும்.

தாளக்கட்டு:
இன்டர்னலுக்கு மாற்றி ஆப்டிகல் போட்டேன். இரண்டிலும் இப்போது ‘சின்க்’, டிக் போய்விட்டது. நன்றி. டிஏசியை மட்டும் வாங்குமுன் அளந்து பார்க்க வழி உண்டா?

அலைமுகம்:
உண்டு. 24 பிட், 12 கிலோஹெர்ட்ஸ் சைன் டோனை டிஏசியில் ஓட்டி, ஃபயர்ஃபேஸின் லைன் இன்னில் 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள். ஆர்இடபிள்யூ மென்பொருளில் 64 ஆயிரம் புள்ளிக்கு மேல் எஃப்எஃப்டி (ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் கணக்கு). டோனுக்கு இருபுறமும் சம உயரத்தில் ஜோடியாக நிற்கும் முனைகள்தான் ஜிட்டர். 1 நானோசெகண்ட் உச்சமுள்ள ஜிட்டர் டோனுக்குக் கீழே சுமார் 88 டெசிபெல்லில் தெரியும், 0.1 நானோசெகண்ட் 108-ல். டோனை 1 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்தால் ஜிட்டர் முனை சுமார் 22 டெசிபெல் இறங்கும். இறங்காமல் நின்றால் அது ஜிட்டர் இல்லை, பவர் சப்ளையைப் பாருங்கள்.

டிஏசியும் இன்டர்ஃபேஸும் ஒரே க்ளாக்கில் இருக்கக் கூடாது. இருந்தால் இரண்டும் சேர்ந்து ஆடி, மெதுவான ஜிட்டர் கண்ணில் படாமல் மறைந்துவிடும். உங்களுடையது இப்போது தனித்தனியாகத்தான் ஓடுகிறது, அப்படியே அளக்கலாம். க்ளாக் பெட்டி கடனாகக் கிடைத்தால் ஓசிஎக்ஸ்ஓ நன்றாகச் சூடேறி நிலைக்கும் வரை விட்டு, அதே டோனை மறுபடி எடுங்கள்.