'கிரேஸி' கண்ட்ரியா, பாப்பா? பாட்ஸி க்ளைன் பாட்டு பற்றி ஒரு வழக்கு

குதிரைலாயம்

நேற்றிரவு பாட்ஸி க்ளைனின் 'கிரேஸி'யை மறுபடி கேட்டேன். 1961-இல் வந்த அமெரிக்கப் பாட்டு. இவன் நம்மை விட்டுவிட்டு வேறொருத்தியிடம் போய்விடுவான் என்று தெரிந்தே காதலித்த ஒருத்தி, தன்னைத் தானே பைத்தியம் என்று நொந்துகொள்கிறாள். அவ்வளவுதான் விஷயம். அமெரிக்க நாட்டுப்புறத்தில் வேர்விட்ட கண்ட்ரி இசையின் சிகரம் என்று எல்லாப் பட்டியலிலும் இதை ஏற்றி வைத்திருக்கிறார்கள். எனக்குப் புரியவில்லை. இதில் கண்ட்ரி எங்கே இருக்கிறது, இது நகரத்துப் பாப் (pop) பாட்டல்லவா? ஃபிடில் (நாட்டுப்புற வயலின்) கிடையாது. ஸ்டீல் கிட்டார் இருப்பதே தெரியாது. பின்னால் நான்கு ஆண்கள் 'ஊ' என்று முனகுகிறார்கள், முன்னால் ஓட்டல் பியானோ.

டெக்சாஸ்காரர் ஒருவர் எழுதிய சாராயக்கடைப் பாட்டைக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, நகரத்து வரவேற்பறை சோபாவில் உட்கார வைத்துவிட்டார் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி. எழுதிய வில்லி நெல்சனே 1962-இல் இதைப் பாடிப் பதிவு செய்திருக்கிறார். கேட்டுப் பாருங்கள். அங்கே இருப்பது காயம். பாட்ஸியின் பதிவில் இருப்பது பிளாஸ்திரி.

சும்மா வந்தவன்

தலைப்பில் 'பாப்பா' என்பதைப் பார்த்துக் குழந்தைப் பாட்டு என்று நினைத்து உள்ளே வந்தேன். பரவாயில்லை, சண்டை நடக்கும் போலிருக்கிறது. உட்கார்கிறேன்.

நள்ளிரவுத் தேநீர்

குதிரைலாயம், பிளாஸ்திரி என்ற சொல்லை எடுத்தீர்கள், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1961 ஜூன் 14 அன்று, கண்ட்ரி இசைத்தொழிலின் மையமான நாஷ்வில்லில், பாட்ஸி போன கார் எதிரே வந்த காருடன் நேருக்கு நேர் மோதியது. அவர் முன்கண்ணாடியில் போய் விழுந்தார். நெற்றி பிளந்தது, மணிக்கட்டு முறிந்தது, இடுப்பு மூட்டு விலகியது. ஒரு மாதம் மருத்துவமனை. ஆகஸ்ட் 21 அன்று இந்தப் பாட்டைப் பதிவு செய்ய வந்தபோது ஊன்றுகோலில் வந்தார். நெற்றித் தழும்பை மறைக்கப் பொய்முடியும் பூச்சும் பிறகு வாழ்நாள் முழுக்கத் தேவைப்பட்டன. வாழ்நாள் என்றால் இன்னும் ஒன்றரை ஆண்டுதான். 1963 மார்ச் 5 அன்று டென்னசி மாநிலத்தின் கேம்டன் அருகே விமானம் விழுந்து இறந்தபோது அவருக்கு வயது 30.

பதிவுக்கூடத்தில் அந்த நாள் எப்படிப் போனது என்பதையும் பாருங்கள். அப்போதைய நாஷ்வில் வழக்கப்படி மூன்று மணி நேரத்தில் மூன்று, நான்கு பாட்டுகளை முடித்துவிடுவார்கள். இந்த ஒரு பாட்டுக்கு நான்கு மணி நேரம் செலவழித்தும் குரல் அமையவில்லை. மேல் ஸ்வரத்தை எட்டி மூச்சை நிறுத்தும்போது விலா வலித்தது என்று அங்கிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இசையை மட்டும் நாடாவில் வைத்துக்கொண்டு பிராட்லி அவரை வீட்டுக்கு அனுப்பினார். சில வாரம் கழித்து வந்து, அந்த இசையின்மேல் ஒரே மூச்சில் பாடிவிட்டுப் போனார். நீங்கள் நேற்றிரவு கேட்டது அந்தக் குரலைத்தான்.

குதிரைலாயம்

விபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பாட்டை நியாயப்படுத்த மருத்துவமனை அறிக்கையைக் கொண்டுவருவது சரியா? விலா வலி இல்லாமல் பாடியிருந்தால் மதிப்பெண் குறைத்திருப்பீர்களா? காதுக்கு வந்ததை மட்டும் பேசுவோம்.

இன்னொன்று. பாட்ஸிக்கே இந்தப் பாட்டு முதலில் பிடிக்கவில்லை. ஊளையிடும் யோடல் பாட்டு, வேகமான பாட்டு, அம்மா தைத்துக் கொடுத்த குஞ்சம் வைத்த கௌபாய் உடை, இவைதான் அவருக்குப் பிரியம். சோகப் பாட்டுகளை அவர்மேல் திணித்தது நிறுவனம். 1957-இல் அவரைப் புகழுக்குக் கொண்டுவந்த 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்'டும் அவருக்குப் பிடிக்காத பாட்டுதான்.

இரண்டாம் பக்கம்

ஐம்பது ஆண்டுகளாக இசைத்தட்டு சேர்ப்பவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

அவருக்குப் பிடிக்காமல் போனது பாட்டு அல்ல, அது வந்து சேர்ந்த விதம். நாஷ்வில்லின் ரைமன் இசையரங்கத்துக்குப் பின்சந்தில் டூட்ஸீஸ் ஆர்கிட் லவுஞ்ச் என்று ஒரு மதுக்கடை. பாட்டெழுதிப் பிழைக்க வந்தவர்கள் கடன் சொல்லிக் குடிக்கிற இடம். கடைக்கார அம்மாள் அந்தக் கடன் சீட்டுகளை ஒரு சுருட்டுப் பெட்டியில் போட்டு வைத்திருப்பாராம். அங்கேதான் பாட்ஸியின் கணவர் சார்லி டிக் காதில் இந்தப் பாட்டு விழுந்தது. நள்ளிரவு தாண்டிய பிறகு அவர் வில்லியைக் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். இந்த நேரத்தில் ஒரு பெண்ணை எழுப்புவதா என்று வில்லி கூச்சப்பட்டுக் காரிலேயே உட்கார்ந்துவிட்டார். பாட்ஸி வெளியே வந்து, இறங்கு என்று உள்ளே இழுத்துப் போனதாக வில்லியே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

வில்லியின் மாதிரிப் பதிவில் சொற்கள் தாளத்துக்குப் பின்னால் தள்ளாடி வரும். பாதி பேச்சு, பாதி பாட்டு. பாட்ஸியும் அப்படியே பாடிப் பார்த்தார், ஒட்டவில்லை. அவர் பாணியை விட்டுவிட்டு உன் பாணியில் பாடு என்றார்கள். அதன் பிறகுதான் பாட்டு எழுந்து நின்றது.

குதிரைலாயம் தம்பி, நீங்கள் உச்சியில் வைக்கிற 1962 தொகுப்பு இப்போது என் கையில் இருக்கிறது. அதிலும் பின்னணிக் குரல்கள் இருக்கின்றன. பவுடர் அங்கேயும் பூசியிருக்கிறார்கள்.

குதிரைலாயம்

ஐயா, தொகுப்பு முழுவதையும் நான் சொல்லவில்லை. அவர் குரலைச் சொல்கிறேன்.

வெள்ளைக்கட்டை

கீபோர்டு வாசிப்பவன் நான். திருமண வரவேற்புகளில் இதை எத்தனை முறை வாசித்தேன் என்று கணக்கே இல்லை (விட்டுவிட்டுப் போவதைப் பற்றிய பாட்டு என்று மணமகன் வீட்டார் யாருக்கும் இதுவரை தெரியவில்லை).

சாராயக்கடைப் பாட்டை நகரத்துப் பாட்டாக மாற்றினார்கள் என்கிறீர்கள். கைவிரல் வேறு சொல்கிறது. அக்காலத்து ஹாங்கி-டாங்க் (சாராயக்கடை) பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டு) போதும். 'கிரேஸி'க்கு ஏழெட்டு வேண்டும். நடுவில் அரைக்கட்டை நழுவிப் போகிற டிமினிஷ்ட் கார்டு ஒன்றும் வரும். இதைப் பிராட்லி சேர்க்கவில்லை, பாட்டின் எலும்பே அப்படி. வில்லி, ஜாஸ் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கிட்டாரையும் பாப் பாடகர் சினாட்ராவின் பாட்டையும் கேட்டு ஊறியவர். 1978-இல் பழைய ஜாஸ், பாப் பாட்டுகளை மட்டும் எடுத்து 'ஸ்டார்டஸ்ட்' என்று ஒரு முழுத் தொகுப்பே பாடினார். நீங்கள் பவுடர் என்று சொல்வது பிறவி நிறம்.

இசையையும் கொஞ்சம் கிட்டப் போய்க் கேளுங்கள். பியானோ ஃப்ளாய்ட் கிரேமர். சரியான கட்டைக்குப் பக்கத்துக் கட்டையில் விரல் பட்டு, தப்பு என்று உணர்ந்து வழுக்கி வருவதுபோல வாசிப்பார். வேண்டுமென்றே செய்வது. தொண்டை கம்முகிறவர் ஒரு சொல்லைத் தொடங்கித் திருத்திக்கொள்வதைப் போல இருக்கும். பாப் மோரின் நின்று வாசிக்கும் பாஸுக்கு மேலே ஹரால்ட் பிராட்லியின் ஆறு தந்தி பாஸ், 'டிக் டிக்' என்று கடிகாரம் மாதிரி. கடைசிப் பகுதிக்குப் போகும்போது சுருதி அரைக்கட்டை ஏறுகிறது. பி-ஃப்ளாட்டிலிருந்து பி. யாரும் மேளம் கொட்டி அறிவிப்பதில்லை. ஏறியதே தெரியாது, பாட்ஸிக்கு மூச்சு இன்னும் கொஞ்சம் தேவைப்படுவது மட்டும் தெரியும்.

சும்மா வந்தவன்

வயலின் கூட்டம் வேறு வந்து மூழ்கடித்துவிடுமே, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

வெள்ளைக்கட்டை

இந்தப் பாட்டில் வயலின் கூட்டமே இல்லை. இருப்பதாகப் பலருக்கு நினைவு. அவருடைய மற்றப் பாட்டுகளோடு குழப்பிக்கொள்கிறார்கள். மறுபடி கேளுங்கள்.

சும்மா வந்தவன்

கேட்டேன். இல்லை. பேச்சைத் திரும்பப் பெறுகிறேன்.

குதிரைலாயம்

கார்டு விஷயத்தில் வெள்ளைக்கட்டை சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் வழக்கு இன்னும் முடியவில்லை.

'நாஷ்வில் ஒலி' என்பது கலையார்வத்தில் பிறந்தது அல்ல. ஐம்பதுகளின் நடுவில் எல்விஸ் வந்தார், இளைஞர்கள் ராக் அண்ட் ரோல் பக்கம் போனார்கள், கண்ட்ரி வியாபாரம் படுத்தது. 1961-இல் அமெரிக்கா முழுவதும் நாள் முழுக்கக் கண்ட்ரி ஒலிபரப்பிய வானொலி நிலையங்கள் வெறும் 81. டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் ஓவன் பிராட்லியும் ஆர்சிஏ நிறுவனத்தில் தயாரிப்பாளர் செட் அட்கின்ஸும் ஃபிடிலை எடு, மூக்கால் பாடுவதை நிறுத்து, கோரஸைப் போடு என்று முடிவெடுத்தார்கள். நாஷ்வில் ஒலி என்றால் என்ன என்று கேட்டதற்கு அட்கின்ஸ் பையில் கையை விட்டுச் சில்லறையைக் குலுக்கிக் காட்டினார் என்பது ஊரறிந்த கதை. நான் சொல்வதும் அதேதான். அழுகைக்கு விலைச்சீட்டு ஒட்டினார்கள்.

நள்ளிரவுத் தேநீர்

விலைச்சீட்டு ஒட்டாத காலத்தில் என்ன நடந்தது என்று சொல்லட்டுமா?

ஹூஸ்டனில் இருந்தபோது வில்லி 'ஃபேமிலி பைபிள்' பாட்டை 50 டாலருக்கு விற்றார். 'நைட் லைஃப்' 150 டாலருக்குப் போனது. முதலாவது 1960-இல் வேறொருவர் குரலில் வெற்றி பெற்றது. தட்டில் எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில் வில்லி பெயர் இல்லை. நீங்கள் போற்றுகிற சாராயக்கடை உலகம் அவருக்குக் கொடுத்தது அதுதான். நாஷ்வில் வந்த பிறகு ஹாங்க் காக்ரன் என்ற பாட்டாசிரியர், தனக்கு வரவிருந்த வாரம் 50 டாலர் சம்பள உயர்வை விட்டுக்கொடுத்து, அந்தப் பணத்தில் இவரை வேலைக்கு வைக்கச் சொன்னார். பாம்பர் மியூசிக் என்ற பதிப்பகம். 'கிரேஸி' அங்கிருந்துதான் போனது. அதனால்தான் அந்தப் பாட்டில் வில்லி பெயரும் இருக்கிறது, பங்கும் வந்தது.

பாட்ஸி கதையும் அப்படித்தான். 1954-இல் ஃபோர் ஸ்டார் என்ற சிறு நிறுவனத்திடம் கையெழுத்துப் போட்டார். அவர்கள் பதிப்பிக்கிற பாட்டை மட்டும்தான் பாட வேண்டும் என்பது நிபந்தனை. ஆறு வருடத்தில் உருப்படியாக ஒரே ஒரு வெற்றி. 1960 கடைசியில் அது முடிந்து நேராக டெக்காவுக்கு வந்த பிறகு பாருங்கள். முதலில் 'ஐ ஃபால் டு பீசஸ்', அடுத்து 'கிரேஸி'. நல்ல பாட்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அப்போதுதான் அவருக்கே கிடைத்தது. இதையா திணித்தார்கள் என்கிறீர்கள்?

குதிரைலாயம்

ஃபோர் ஸ்டாரை நியாயப்படுத்த நான் வரவில்லை, அம்மா. சுரண்டியவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். 'கிரேஸி' எட்டியது கண்ட்ரி தரவரிசைப் பட்டியலில் 2-ஆம் இடம், பொதுவான பாப் பட்டியலில் 9-ஆம் இடம். இந்த 9-க்காகத்தான் இத்தனை அலங்காரமும் என்கிறேன்.

இரண்டாம் பக்கம்

அந்த 2 பற்றி ஒரு சின்ன விஷயம். அந்தச் சமயத்தில் லீராய் வான் டைக்கின் 'வாக் ஆன் பை' மொத்தம் 19 வாரம் கண்ட்ரி பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. பாட்ஸிக்கு முதலிடம் கிடைக்காததற்குக் கண்ட்ரி ரசிகர்கள் முகம் சுளித்தது காரணமில்லை. அவர்கள்தான் இதை 2 வரை ஏற்றினார்கள். உங்கள் வாதப்படி அவர்கள் இதைப் பார்த்ததும் கதவைச் சாத்தியிருக்க வேண்டும்.

1976-இல் பாடகி லிண்டா ரான்ஸ்டாட் தன் தொகுப்பில் இதைப் பாடினார். அதுவும் கண்ட்ரி பட்டியலில் 6-ஆம் இடம் வரை போனது. 2003-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் வரிசையில் சேர்த்துக்கொண்டது ரான்ஸ்டாட்டை அல்ல, வில்லியை அல்ல, பாட்ஸியின் பதிவை.

நள்ளிரவுத் தேநீர்

எனக்கு இந்தப் பட்டியல் கணக்கெல்லாம் இரண்டாம்பட்சம். சொல் ஒன்று உறுத்துகிறது. 'கிரேஸி' என்பதைப் 'பைத்தியம்' என்று எழுதினீர்கள். தமிழில் பைத்தியம் என்றால் அடுத்தவர் நம்மைப் பார்த்துச் சொல்வது, அதில் கல்லெறி இருக்கிறது. பித்து என்றால் கொஞ்சம் பெருமையாகக்கூட ஆகிவிடும். இந்தப் பெண் சொல்வது இரண்டும் இல்லை. எல்லாம் தெரிந்துதானே செய்தாய், மண்டு, என்று கண்ணாடியைப் பார்த்துத் தலையில் தட்டிக்கொள்கிறாள். அவனைப் பற்றி ஒரு வசவுகூடக் கிடையாது. கவலைப்பட்டு என்ன பயன் என்று தன்னையே கேட்கிறாள், கேட்டுவிட்டு மறுபடி கவலைப்படுகிறாள்.

இதை வில்லி பாடும்போது, பக்கத்து நாற்காலிக்காரரிடம் கதை சொல்கிற மனிதர் தெரிகிறார். சிரித்துக்கொண்டே சொல்கிறார். பாட்ஸி பாடும்போது அறையில் வேறு யாரும் இல்லை. பின்னால் அந்த நால்வர் இருந்துமே.

குதிரைலாயம்

'மண்டு' நன்றாக இருக்கிறது. அதை எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது மறுபடி கேட்டேன், இந்த முறை காதொலிப்பானில். கடைசி அடிக்கு முன்னால் அவர் மூச்சு வாங்குவது கேட்கிறது. நேற்று ஒலிபெருக்கியில் அது தெரியவில்லை. அந்த இடத்தில் பிராட்லி எதையும் நுழைக்காமல் விட்டிருக்கிறார், அதற்கு அவருக்கு ஒரு வணக்கம். ஆனால் அந்த 'ஊ'வை இன்னும் மன்னிக்கவில்லை.

வெள்ளைக்கட்டை

அந்த 'ஊ' ஜோர்டனேர்ஸ் என்ற பின்னணிக் குரல் குழு. எல்விஸுக்கும் அவர்கள்தான் 'ஊ' போட்டார்கள். அங்கே மட்டும் யாரும் கோபப்படுவதில்லை.

குதிரைலாயம்

எல்விஸைப் பற்றித் தனி இழை திறங்கள், அங்கேயும் கோபப்படுகிறேன்.

சும்மா வந்தவன்

நான் கிளம்புகிறேன். 19 வாரம் வழியை மறித்து நின்ற அந்த 'வாக் ஆன் பை' என்ன பாட்டு என்று தெரியாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

இரண்டாம் பக்கம்

கள்ளக்காதல் பாட்டு தம்பி. தெருவில் எதிரே பார்த்தால் தெரியாததுபோல நடந்து போய்விடு என்று காதலியிடம் சொல்கிறான். தாளம் துள்ளும். கேட்டுவிட்டுத் தூங்குங்கள்.