ஜெபிக்கவே தெம்பில்லை, சபை வேலையோ குறையவில்லை

பாளையங்கோட்டைக்காரி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இதை எங்கள் சபையில் யாரிடமும் கேட்க முடியாது, கேட்டால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நான் ஸ்கூல் டீச்சர். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார்கள். ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்று நர்ஸ் சொன்னதால் அலாரம் வைத்து எழுந்திருக்கிறேன். சபையில் சண்டே ஸ்கூல், பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கணக்கு எழுதுகிற வேலை, எல்லாம் என்னிடம்தான். மே மாதம் வந்தால் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வேறு. நேற்று ராத்திரி மாமியார் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆக்‌ஷன் ஸாங்குக்குச் சார்ட் பேப்பரில் கிரீடம் வெட்டிக்கொண்டிருந்தேன், கத்திரிக்கோலைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனேன்.

வேலை அதிகம் என்பதைக்கூடத் தாங்கிவிடுவேன். உள்ளே ஒன்றுமே இல்லை என்பதுதான் பயமாக இருக்கிறது. குருத்தோலை ஞாயிறு அன்று பைபிளில் அடையாளத்துக்கு வைத்த ஓலைச் சிலுவை அதே பக்கத்திலேயே இருக்கிறது, அதற்கப்புறம் வாசிப்பு நகரவில்லை. ஜெபிக்க முழங்கால் போட்டால் நாளைக்கு என்ன சமையல் என்றுதான் ஓடுகிறது. ஆராதனையில் பாடுகிறேன், வாய் மட்டும் பாடுகிறது. சங்கத்தில் ஒருவரிடம் லேசாகச் சொன்னதற்கு, "முழு இரவு ஜெபத்துக்கு வா, எல்லாம் சரியாகிவிடும்" என்றார்கள். இன்னொரு ராத்திரி முழித்திருக்க என்னால் முடியாது. நான் பின்மாற்றத்தில், அதாவது விசுவாசத்தைவிட்டு விலகிப் போகிறேனா? இதிலிருந்து வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

உபதேசியார் பேரன்:

அக்கா, முழு இரவு ஜெபம் இப்போது வேண்டாம். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை மட்டும் ஒருதரம் வாசியுங்கள், அதுவும் கஷ்டமாக இருந்தால் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கர்மேல் பர்வதத்தில் வானத்திலிருந்து அக்கினி இறங்கின மறுபக்கத்திலேயே எலியா தீர்க்கதரிசி உயிருக்குப் பயந்து பெயெர்செபாவுக்கு ஓடுகிறான், வேலைக்காரனை அங்கே விட்டுவிட்டு வனாந்தரத்தில் ஒருநாள் நடந்து ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என்னை எடுத்துக்கொள்ளும் என்கிறான். எங்கள் பக்கத்துக் கன்வென்ஷன்களில் கர்மேலைப் பற்றித் தொண்டை கட்டப் பிரசங்கம் செய்வார்கள், சூரைச்செடிக்கு வந்ததும் ஐந்து நிமிஷத்தில் தாண்டிவிடுவார்கள்.

அந்த நேரத்தில் தேவதூதன் என்ன செய்தான் பாருங்கள். ஏன் விசுவாசம் குறைந்தது என்று கேட்கவில்லை, வசனம் சொல்லவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் படுத்துக்கொள்கிறான், அதற்கும் திட்டு இல்லை. இரண்டாம் தரம் எழுப்பி இன்னும் சாப்பிடச் சொல்கிறான், ஏனென்றால் போகவேண்டிய தூரம் அதிகம். ஓரேப் மலையில் ஆண்டவருடைய அந்த மெல்லிய சத்தம் கேட்பதெல்லாம் நாற்பது நாள் கழித்துத்தான். அதற்கப்புறம் ஆண்டவர் எலிசாவை ஆள்துணைக்குக் கொடுக்கிறார். முதலில் தூக்கம், பிறகு சாப்பாடு, பிறகுதான் பேச்சு, கடைசியில் வேலையைப் பங்குபோட ஒரு ஆள். உங்களுக்கு இந்த வரிசைதான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, சங்கீதம் 127-ஐப் புது வீட்டுப் பிரதிஷ்டைக்கு எல்லாரும் முதல் வசனத்தோடு வாசித்து நிறுத்திவிடுவோம். இரண்டாம் வசனத்தில்தான் "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்று இருக்கிறது.

எழுப்புதல் தாகம்:

பிரைஸ் தி லார்ட் சிஸ்டர். மேலே பிரதர் சொன்னது சரிதான், ஆனால் தூங்கினால் மட்டும் எல்லாம் தீராது. இது ஆவிக்குரிய போராட்டம், சத்துரு ஊழியம் செய்கிறவர்களைத்தான் குறிவைப்பான். மூன்று நாள் உபவாசம் எடுங்கள், அபிஷேகம் புதுப்பிக்கப்படும். என் வாழ்க்கையில் அப்படித்தான் நடந்தது. ஏசாயா 40:31-ஐ அறிக்கை பண்ணுங்கள், புதுப்பெலன் நிச்சயம்.

வார்டு நம்பர் ஆறு:

பிரதர், உங்கள் சாட்சியைக் குறைசொல்லவில்லை. ஆனால் நான் நர்ஸ், இதைச் சொல்லாமல் போக முடியாது: ராத்திரி முழுவதும் தூங்காத ஒரு பெண்ணை மூன்று நாள் பட்டினி போடச் சொல்லாதீர்கள். மயங்கி விழுந்தால் கட்டிலில் இருக்கிற அம்மாவை யார் பார்ப்பது?

அக்கா, முதல் வேலையாக இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, முடிந்தால் பி12. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதாவது கோயிலில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப்பேருக்கு இருக்கலாம். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எதிலும் கவனம் நிற்கவில்லை என்று வருகிறவர்களுக்கு எத்தனையோ தரம் இரும்புச்சத்து மாத்திரையில் பாதி சரியாகிப் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறமும் எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை வந்துகொண்டே இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், அதனால் விசுவாசம் குறைந்துவிடாது. சாகலாம் போல நினைப்பு வந்தால் தள்ளிப்போடாமல் 14416-க்கு அடியுங்கள், டெலி மானஸ் என்கிற அரசாங்க மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மாமியாருக்குத் தண்ணீர் மெத்தையோ காற்று மெத்தையோ வாங்கிப் போட்டிருக்கிறீர்களா? புரட்டுவது நிற்காது, ஆனால் ராத்திரியில் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டலாமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். அப்புறம், அலாரத்துக்கு ஒருதரமாவது உங்கள் வீட்டுக்காரர் எழுந்திருக்கிறாரா? நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

மலைக்கோட்டை ஜன்னல்:

நான் ஆர்.சி., திண்டுக்கல். வேறு சபை ஆள் நடுவில் பேசுகிறேன் என்று நினைக்கவேண்டாம். உள்ளே வெறுமையாக இருப்பது பின்மாற்றத்தின் அடையாளம் என்று எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. அன்னை தெரசா 1997-ல் இறந்தார்கள், பத்து வருஷம் கழித்து அவர்களுடைய கடிதங்கள் வெளிவந்தபோதுதான் பல வருஷமாக ஜெபத்தில் கடவுளை உணரவே முடியாமல் இருந்தார்கள் என்று உலகத்துக்குத் தெரிந்தது. அந்த வருஷங்களிலும் காலையில் பூசைக்குப் போனார்கள், நோயாளிகளைத் தொட்டுத் துடைத்தார்கள். உங்கள் பைபிளிலேயே 88-ஆம் சங்கீதம் இருக்கிறது, கடைசி வரி வரைக்கும் ஒரு ஆறுதலும் இல்லை. அதையும் ஜெபம் என்றுதான் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் ஒரு விதி எழுதியிருக்கிறார்: உள்ளம் வறண்டு கிடக்கும்போது, முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. ஆண்டவரை விட்டுவிடலாமா, கோயிலுக்கே போகாமல் இருந்துவிடலாமா என்ற முடிவையெல்லாம் இப்போது எடுக்காதீர்கள். சங்கத்துக் கணக்கு நோட்டு இதில் சேராது, அது நீங்கள் எடுத்த தீர்மானமா அல்லது யாரோ கையில் திணித்ததா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

சொந்த வார்த்தை வராதபோது எழுதி வைத்த ஜெபத்தைச் சொல்லுங்கள். எங்களுக்கு ஜெபமாலை, உங்களுக்கு ஆராதனை முறைப் புத்தகத்தில் சாயங்கால ஜெபம். அல்லது "இயேசுவே, என்மேல் இரக்கமாயிரும்", இவ்வளவுதான், மூச்சோடு சேர்த்து, மாமியாரைப் புரட்டும்போதே சொல்லலாம். என்றைக்காவது இரண்டு நாள் கிடைத்தால் குளித்தலைப் பக்கம் தண்ணீர்பள்ளியில் காவேரிக் கரையோரம் சாந்திவனம் ஆசிரமம் இருக்கிறது, 1950-ல் ஆரம்பித்தது. எந்த ஊர் ஆசிரமம் ஆனாலும் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

பாளையங்கோட்டைக்காரி:

இரண்டு நாளா! மாமியாரை விட்டுவிட்டு நான் எங்கே போக. ஆனால் சூரைச்செடி கதையை இத்தனை வருஷம் சண்டே ஸ்கூலில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அடையை ஃபிளானலில் வெட்டி ஒட்டியும் இருக்கிறேன், அவன் திரும்பப் படுத்ததை இன்றைக்குத்தான் கவனித்தேன். இரத்தப் பரிசோதனைக்குச் சனிக்கிழமை போகிறேன். வீட்டுக்காரர் ஷிப்டு வேலை, ஆனாலும் நர்ஸ் அக்கா கேட்டது நியாயமான கேள்விதான், அவரிடமே காட்டினேன். பொறுப்புகளை எப்படி விடுவது என்றுதான் தெரியவில்லை. சபைப் போதகர் ஐயரிடம் சொன்னால் "உன்னை விட்டால் ஆளில்லை" என்பார்.

ஐயரம்மா (ஓய்வு):

அதை நாங்களும் சொல்லியிருக்கிறோம் மகளே, எல்லாச் சபையிலும் சொல்கிறதுதான். ஆளில்லை என்றால் ஆள் வரும்வரை அந்த வேலை கொஞ்சம் நின்றால் என்ன? டோனாவூரில் பிள்ளைகள் இல்லம் நடத்தின மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் கீழே விழுந்து அடிபட்டவர்கள், 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே இருந்தார்கள். பிள்ளைகளைப் பார்க்கிற வேலையை மற்றவர்கள் செய்தார்கள், அது நடந்தது. மோசே காலையிலிருந்து சாயங்காலம்வரை தனியாக நியாயம் விசாரித்துக்கொண்டிருந்தபோது, நீர் செய்வது நல்லதல்ல, தொய்ந்துபோவீர் என்று சொன்னது மாமனார் எத்திரோ. மோசே கேட்டுக்கொண்டான்.

வாயால் சொல்லப் போகாதே, பேசியே மனதை மாற்றிவிடுவார்கள். கடிதம் எழுது. "மாமியார் உடல்நிலை காரணமாகச் சண்டே ஸ்கூல் பொறுப்பிலிருந்தும் சங்கத்துக் கணக்கிலிருந்தும் கிறிஸ்துமஸ் வரை விலகியிருக்கிறேன், கணக்கு நோட்டை இன்ன தேதியில் ஒப்படைக்கிறேன்" என்று நான்கு வரி. காரணத்துக்கு மேல் விளக்கம் வேண்டாம், மன்னிப்பும் கேட்காதே. பாடகர் குழுவை வேண்டுமானால் வைத்துக்கொள், பாட்டு உனக்குப் பிடிக்கும் என்றால். பிடிக்காவிட்டால் அதையும் விடு. சபைக்கு உன்னை விசாரிக்கிற கடமை இருக்கிறது, பெண்கள் சங்கத்தில் வாரத்துக்கு இரண்டு பேர் வந்து மத்தியானம் மாமியாரோடு உட்காரச் சொல்லி அதே கடிதத்தில் கேள். அதைக் கேட்க வெட்கப்படாதே.

அவர்கள் வந்த நேரத்தில் உன் சபைக் கோயிலுக்கு மட்டும் போகாதே, பார்த்தவுடன் எவளாவது ஒரு வேலை கொடுத்துவிடுவாள். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயில் திறந்திருக்கும் நேரம் கேட்டு அங்கே போய்ச் சும்மா உட்கார், அல்லது வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு.

உபதேசியார் பேரன்:

அக்கா, நானும் பாளையங்கோட்டைதான். வி.பி.எஸ்.க்கு வெட்டவேண்டிய கிரீடம் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று சொல்லுங்கள், எங்கள் வாலிபர் சங்கத்துப் பசங்கள் வெட்டித் தருவார்கள். அளவும் சார்ட் பேப்பர் நிறமும் போதும்.